காய்ச்சலுக்கு ரெண்டு, தலைவலிக்கு ரெண்டு

அந்த வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதெல்லாம் வாசல்படியில்தான். ஒருத்தர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருத்தர் மாட்டிக்கொண்டிருப்பார். அந்த அரை நிமிஷத்துக்குள் வீட்டு நிலவரம் முழுக்கக் கைமாறிவிடும். “சோறு இருக்கு, தயிர் இல்ல.” “குழாய் ஒழுகுது, வாளி வச்சிருக்கேன், எத்தி விட்றாத.” போகிறவர் பாக்கி வைத்ததை வருகிறவர் முடிக்க வேண்டும். அப்படித்தான் இரண்டு அறையும் ஒரு நடையோரத்து அடுப்படியும் கொண்ட அந்த மாடிவீடு நாலு பேருக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நாலு பேருக்கும் நாலு வேலை, நாலு நேரம். மாமா ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு பார்க்கிறவர். நள்ளிரவுக்கு முன் போனால் விடிந்துதான் வருவார். அவருடைய தம்பி பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறவன். ஏணி போடாமலே பேருந்தின் நெற்றியைத் துடைக்கிற உயரம் என்பதால் அவன் எல்லோருக்கும் நெட்டை. மாமாவின் மனைவியான அக்காவுக்குச் சலவை ஆலையில் இஸ்திரி. அவளுடைய கூடப்பிறந்த தங்கைக்குப் பழக் கிடங்கில் பழம் கழுவி அடுக்குகிற வேலை. தங்கை ஊரைவிட்டு இந்த வெளிநாட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தானாகத் திறக்கிற கதவைப் பார்த்தால்கூட ஒரு அடி பின்வாங்குவாள். மாமா வைத்த பேர் சுண்டெலி. அவளுக்கு அதில் கோபமில்லை, ஏனென்றால் பேர் பொருத்தமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு மதியம் ஒன்றரைக்குச் சுண்டெலி படியேறி வந்தபோது நெட்டை வாசலில் ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு நின்றான்.

“என்ன நெட்டையாரே, கொக்கு மாதிரி நிக்கிறீங்க.”

“மெதுவாப் பேசு. அண்ணிக்கு முடியல.”

“அக்காவுக்கா?”

“ஆமா. காலையில வேலையில நிக்கும்போதே நடுங்க ஆரம்பிச்சிருக்கு. ஒன்பதரைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். திடீர்க் காய்ச்சல், மண்டையைப் பொளக்குற தலைவலி, கை காலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி.”

அந்த வீட்டில் மற்றவர்களுக்குத்தான் உடம்புக்கு வரும். அக்காவுக்கு வந்ததாகச் சரித்திரமில்லை.

“பயப்படாத, எல்லாம் வரிசையாப் பாத்தாச்சு,” என்றான் நெட்டை, மறு ஷூவுக்குள் காலை நுழைத்தபடி. “அண்ணன் பத்து மணிக்கே காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை குடுத்திருக்கு. இன்னிக்குப் பாத்து அடுப்பைப் பிரிச்சு மாட்டுறாங்கன்னு பதினொண்ணுக்கே கூப்பிட்டுட்டாங்க. போகும்போது என்கிட்ட, காய்ச்சலுக்கு ஆச்சுடா, தலைவலி பாக்கி, பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போச்சு. நானும் தெருவெல்லாம் அலைஞ்சு தலைவலிக்குன்னே இருக்கிற மாத்திரையா வாங்கிட்டு வந்து ரெண்டு போட்டுட்டேன். பன்னெண்டே கால் இருக்கும். இனி உடம்புவலி ஒண்ணுதான் பாக்கி. அது உன் பொறுப்பு. எனக்கு ஓட்டுநர் வகுப்புக்கு நேரமாச்சு.”

நாலு நாலு படியாக இறங்கிப் போய்விட்டான்.

உள்ளறையில் திரை இழுத்து மூடியிருந்தது. அக்கா சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். அவள்மேல் வீட்டிலிருந்த மூன்று போர்வையும் கிடந்தன. நெற்றியில் கை வைத்த சுண்டெலி சட்டென்று எடுத்துவிட்டாள். அந்தச் சூட்டுக்கு அவள் கை தயாராக இல்லை. ஆறு மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் பழம் அலசிய கை அது. தலைமாட்டில் கிடந்த காய்ச்சல்மானியை அக்குளில் வைத்துப் பார்த்தாள். நூற்றிரண்டு.

“வந்துட்டியா,” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். “அடுப்புல சோறு இருக்கு. போட்டுச் சாப்புடு.”

“நீ சாப்டியா?”

“வாய் கசக்குது.”

சுண்டெலி கைபேசியை எடுத்தாள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலைத் திரை சட்டை செய்யாது. வேலை முடிந்து இரண்டு மணி நேரமாவது ஆகவேண்டும். அதனால் ஊருக்கு எது சொல்வதென்றாலும் அவள் வாயால் சொல்வாள், கைபேசி எழுதிக்கொள்ளும். ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். அக்காவுக்குக் காய்ச்சல், நூத்தி ரெண்டு, தலைவலி, உடம்புவலி, காலையில நல்லாத்தான் போனா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, என்ன செய்யட்டும்.

குடும்பக் குழுவில் எல்லோரும் காத்திருந்ததுபோல் பதில்கள் வந்து விழுந்தன.

அம்மா, “நாள் பூரா நீராவியில நிக்கிறா, உள்சூடு ஏறிருச்சு” என்றாள். சித்தப்பா, “கொசுக்கடிதான், எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது” என்றார். தலைக்குக் குளித்த ஈரத்தோடு படுத்திருப்பாள் என்றாள் அத்தை. மூக்குக்குள் நீர் கோத்திருக்கும், குனிந்தால் வலிக்கிறதா கேள் என்றாள் பெரியம்மா. வேளைக்குச் சாப்பிடாமல் வந்த வினை என்று மதினி. ஒவ்வொருத்தரும் தங்களுக்கு வந்த காய்ச்சலைத்தான் அக்காவுக்குக் கொடுத்தார்கள்.

படிக்கப் படிக்கச் சுண்டெலிக்குக் காய்ச்சல் வந்துவிடும்போல் இருந்தது. இருந்தாலும் தன் பங்கு வேலை நினைவிருந்தது. உடம்புவலி. போன வாரம் கிடங்கில் இடுப்பு பிடித்துக்கொண்டபோது முதலுதவி அறையில் கொடுத்த பொடிப் பொட்டலம் ஒன்று மிச்சமிருந்தது. வெந்நீரில் கரைத்துக் குடிக்கவேண்டியது. எலுமிச்சை வாசம் வரும். தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பொடியைக் கொட்டி, டம்ளரை அக்காவின் தலைமாட்டில் ஆற வைத்தாள்.

அப்போது கைபேசி அடித்தது. பெரியப்பா மகன், ஊரில் மருந்துக்கடையில் நிற்கிறவன்.

“என்ன சுண்டெலி, குழுவுல ஆளுக்கொரு நோய் சொல்லிட்டிருக்காங்க. அதை விடு. என்னென்ன மாத்திரை குடுத்தீங்க? அதைச் சொல்லு.”

“காய்ச்சலுக்குத் தனியா, தலைவலிக்குத் தனியா குடுத்தாச்சுண்ணே. இப்ப உடம்புவலிக்குக் குடுக்கப் போறேன்.”

“தலைவலிக்குத் தனியாவா? அட்டையெல்லாம் கையில எடு. மேல பெருசாப் போட்டிருக்கிற பேரைப் படிக்காத, அது கம்பெனிக்காரன் வச்ச பேரு. கீழ பொடி எழுத்துல மருந்தோட பேரு இருக்கும். அதைப் படி.”

மாமா கொடுத்த அட்டையைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எழுத்துக் கூட்டினாள். “பாரா... பாராசிட்டமால். ஐநூறு.”

“சரி. அடுத்தது.”

நெட்டை வாங்கிய பெட்டியில் ஒருத்தன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிற படம் இருந்தது. “பாராசிட்டமால் ஐநூறு. அண்ணே, இதுவும் அதேதான்.”

“அதேதான். அந்தப் பொட்டலம்?”

பொட்டலத்தின் முதுகைத் திருப்பினாள். அதே பேர். எண் மட்டும் ஆயிரம்.

அவள் திரும்பிப் பார்த்தபோது அக்கா முழங்கையை ஊன்றி எழுந்து, தனக்காக வைத்ததுதானே என்று டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள்.

“அக்கா, வை கீழ.”

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று சுண்டெலிக்கே தெரியவில்லை. டம்ளரைப் பிடுங்கியதில் பாதி போர்வையில் கொட்டியது.

“குடிச்சியா?”

“ஒரு வாய்தான். சுட்டுது. என்னடி ஆச்சு உனக்கு?”

“காலையில வேலையிடத்துல ஏதாச்சும் போட்டியான்னு கேளு,” என்றது கைபேசி.

கேட்டாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பினாள். அதுவே பதில்.

“அக்கா.”

“மேற்பார்வைக்காரி குடுத்தா. ஜலதோஷத்துக்குன்னு. ரெண்டு. ஒன்பது மணிக்கு. மேலங்கிப் பையில மிச்சம் இருக்கும் பாரு.”

கதவில் தொங்கிய மேலங்கியில் சோப்பு வாசம் அடித்தது. பையில் கிழித்த அட்டைத் துண்டு. பொடி எழுத்தில் அதே பேர், அதே ஐநூறு, கூட இன்னொரு பேர்.

“ஏன் மாமாகிட்ட சொல்லல?”

“ராத்திரி பூரா அனல்ல நின்னுட்டு வந்த மனுஷன், தூங்காம ஓடிப்போய் மாத்திரையும் தண்ணியுமா வந்து நிக்கிறார். வேணாம்னு எப்படிடி சொல்ல?”

“நெட்டை குடுத்தப்ப?”

“அவன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.”

“அப்ப நான் குடுத்திருந்தா?”

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். இரண்டும் செக்கச் செவேலென்றிருந்தன.

“நீ இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையா எனக்கு ஒண்ணு கலக்கிட்டு வர்ற. குடிச்சிருப்பேன்.”

சுண்டெலி விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதுக்கு ரெண்டு, பத்துக்கு ரெண்டு, பன்னெண்டே காலுக்கு ரெண்டு, அதுக்குமேல ஒரு வாய். வெறும் வயிற்றில்.

“ஆறு மணி நேரத்துக்கொரு தரமா பிரிச்சுப் போடவேண்டியதை மூணு மணி நேரத்துக்குள்ள தள்ளிட்டீங்க,” என்றான் மருந்துக்கடை அண்ணன். “அளவு மீறினா ஈரலைக் கெடுக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுத்தான் காட்டும். இன்னும் அந்தளவுக்குப் போகலன்னுதான் எனக்குப் படுது. ஆனா நான் கடைக்காரன், டாக்டர் இல்ல. அந்த ஊரு மருத்துவமனை உதவி எண்ணுக்கு இப்பவே போன் போடு.”

“எனக்கு அவங்க பாஷை அரைகுறைண்ணே. மாமா வரட்டுமே.”

“மணி சொல்லத் தெரியும்ல? எண்ணத் தெரியும்ல? அது போதும். போடு.”

கதவில் ஒட்டியிருந்த எண்ணை வாயால் சொல்லிப் போட்டாள். எடுத்தவள் நிதானமான குரல்காரி. சுண்டெலி கிடங்கில் கற்றுக்கொண்ட பேச்சை வைத்துத்தான் சமாளித்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி, எடை, எண், நேரம், கெட்டது, நல்லது. அன்றைக்குத் தேவைப்பட்டதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எத்தனை மாத்திரை, எந்தெந்த மணிக்கு, ஆள் என்ன எடை. நாற்பத்தாறு கிலோ. பழப்பெட்டி எடையைச் சொல்வதுபோல் பளிச்சென்று சொன்னாள்.

பிறகு அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னாள். தாடை நெஞ்சைத் தொடுகிற அளவுக்குத் தலை குனிகிறதா. குனிந்தது, கழுத்து விறைக்கவில்லை. திரையை விலக்கினால் கண் தாங்குகிறதா. கூசியது, ஆனால் தாங்கியது. உடம்பில் செம்புள்ளிகள் உண்டா. சுண்டெலி போர்வையை விலக்கி முதுகு, வயிறு, தொடை எல்லாம் தேடினாள். முழங்கையில் பழைய இஸ்திரிச் சூட்டுத் தழும்புகள்தான் இருந்தன. மூச்சு முட்டுகிறதா, வாந்தி உண்டா, வலது விலாவுக்குக் கீழே வலியா. இல்லை, இல்லை, இல்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கு யாருக்காவது காய்ச்சலா.

அக்காவைக் கேட்டாள்.

“எனக்கு அந்தப் பக்கம் நிக்கிறவ மூணு நாளா வரல. மடிக்கிற மேஜையில இன்னொருத்தி.”

அந்தப் பெண் யாரிடமோ கலந்து பேசிவிட்டுத் திரும்ப வந்தாள். தொற்றுக் காய்ச்சல்போலத்தான் தெரிகிறது. மருந்து இன்னும் ஆபத்தான அளவைத் தொடவில்லை. ஆனால் நாளைக் காலை ஒன்பது மணிவரை எந்தப் பேரிலும் ஒரு மாத்திரைகூடக் கூடாது. வாந்தி, வயிற்றுவலி, கழுத்து விறைப்பு, புள்ளி, குழப்பமான பேச்சு, மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் உடனே கூட்டி வா. நாளைக்கு எப்படியும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு வா. சுண்டெலி அதை இரண்டு தரம் திரும்பச் சொல்லவைத்து, மூன்றாந்தரம் தானே சொல்லிக் காட்டினாள். வைத்துவிட்டுப் பார்த்தால் பதினோரு நிமிஷம் பேசியிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கை ஓட ஆரம்பித்தது.

சன்னலைத் திறந்தாள். மூன்று போர்வையையும் உருவிவிட்டு மெல்லிய விரிப்பு ஒன்றைப் போர்த்தினாள். “குளிருதுடி” என்ற அக்காவுக்குக் காலுறை மட்டும் மாட்டினாள். இருந்த சோற்றை நிறையத் தண்ணீர் விட்டுக் குழையக் காய்ச்சி, உப்புப் போட்டு, மத்தால் கடைந்து, கால் மணிக்கொரு தரம் நாலு கரண்டி என்று புகட்டினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து நெற்றி, கழுத்து, அக்குள் என்று ஒற்றினாள். வீட்டிலிருந்த மாத்திரை மருந்து அத்தனையையும் பொறுக்கித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“எங்கயும் போகல. இது என்கூடவே இருக்கட்டும்.”

“பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி இருக்க,” என்றாள் அக்கா. சிரிக்கப் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலரைக்குக் காய்ச்சல் நூற்றிமூன்றுக்கு ஏறியது. அக்காவின் பற்கள் தந்தியடித்தன.

“ஒண்ணே ஒண்ணு குடுடி. மண்டை வெடிச்சிரும்போல இருக்கு.”

“காலையில ஒன்பது மணிக்குத் தர்றேன்.”

“அதுவரைக்கும் நான் இருக்கணுமே.”

“இருப்ப. கண்ணை மூடு.”

சொல்லிவிட்டாளே தவிர, பை தோளில் கல்லாகக் கனத்தது. திறந்தால் ஒரு நிமிஷ வேலை. மறுபடி உதவி எண்ணை அழைத்தாள். இந்தத் தடவை வேறொருத்தி. நூற்றிமூன்றென்றால் பயப்படாதே, பேச்சு தெளிவாக இருக்கிறதா, தண்ணீர் இறங்குகிறதா, சிறுநீர் போகிறதா, அதைப் பார், துடைப்பதை நிறுத்தாதே என்றாள். சுண்டெலி அக்காவைத் தாங்கிக் கழிப்பறைக்கு நடத்திப் போனாள். வெளியே நின்று, “எந்த நிறத்துல போகுது?” என்று கதவைத் தட்டிக் கேட்டாள்.

“மானத்தை வாங்காத, போடி,” என்று உள்ளேயிருந்து வந்தது. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு மாமா வந்தார். சட்டையெல்லாம் அடுப்புக் கரி. கையில் ஒரு காகிதப் பை. பின்னாலேயே நெட்டையும் வந்தான். நேரே கட்டிலுக்குப் போய் மனைவியின் கன்னத்தைத் தொட்ட மாமா நிமிர்ந்தார்.

“நெருப்பாக் கொதிக்குது. போர்வையைக் காணோம், சன்னல் தொறந்து கிடக்கு. மத்தியானத்திலேர்ந்து என்ன குடுத்த?”

“கஞ்சி.”

“மருந்து?”

“ஒண்ணும் குடுக்கல மாமா.”

“ஒண்ணும் குடுக்காம உக்காந்து வேடிக்கை பாத்தியா? தள்ளு. புது மாத்திரை கொண்டாந்திருக்கேன். எங்க வேலையிடத்துல எல்லாரும் இதைத்தான் போடுறாங்க. ஊசி மாதிரி வேலை செய்யுமாம்.”

சுண்டெலி கட்டிலுக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றாள். அவர் நெஞ்சுயரம்கூட இல்லை அவள்.

“தள்ளமாட்டேன் மாமா. முதல்ல அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிங்க.”

“என்ன விளையாடுறியா?”

“படிங்க மாமா.”

மாமா படித்தார். அவள் பையைத் திறந்து மற்ற அட்டைகளையும் ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கொடுத்தது, நெட்டை கொடுத்தது, மேற்பார்வைக்காரி கொடுத்தது, அவள் கொடுக்கவிருந்தது. வைக்கும்போதே மணியையும் சொன்னாள். மாமாவின் கட்டைவிரல் ஒவ்வொரு பொடி எழுத்தின்மேலும் நகர்ந்து கரி அப்பியது. கடைசி அட்டையைப் படித்ததும் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“நான் தலைவலிக்கில்ல குடுத்தேன்,” என்றான் நெட்டை, கோர்ட்டில் நிற்கிறவன்போல.

“காய்ச்சலும் தலைவலியும் உடம்புவலியும் மூணு ஆளா நெட்டையாரே? மூணும் ஒரே வயித்துக்குள்ளதானே போகுது.”

மாமா மனைவியைப் பார்த்தார்.

“ஏம்மா, ஏற்கெனவே போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?”

அக்காவின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. காய்ச்சலிலா வேறெதிலா என்று யாரும் கேட்கவில்லை. சுண்டெலி துணியை நனைத்து மாமாவிடம் நீட்டினாள்.

“நல்லாப் பிழிஞ்சு கழுத்துல வைங்க. சொட்டக்கூடாது. நெட்டையாரே, தண்ணி ஆறிப்போச்சு, வெதுவெதுன்னு மாத்துங்க. கொதிக்கவிடாதீங்க.”

இரண்டு ஆண்களும் சொன்னதைச் செய்தார்கள்.

ஏழு மணிவாக்கில் அக்காவின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. பிறகு நெற்றியில், பிறகு கழுத்தில். விரிப்பு நனைந்தது. காய்ச்சல்மானி நூறைக் காட்டியது. நாளைக்கும் ஏறும், இறங்கும், இரண்டு மூன்று நாளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குச் சுண்டெலி தயாராகத்தான் இருந்தாள். காலை எட்டு மணிக்கு ரத்தப் பரிசோதனைக்கு நேரம் கேட்டு வாங்கிவிட்டாள், பழக் கிடங்குக்கும் வரமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது.

அக்கா கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். “நீங்க சாப்டீங்களா? இருங்க, நான் வந்து...” என்று எழப் போனாள்.

“படு,” என்றாள் சுண்டெலி.

அக்கா படுத்தாள்.

மாமா பக்கத்து அறைக்குப் போய், தான் தலைக்கு வைத்துக்கொள்கிற கெட்டித் தலையணையைக் கொண்டுவந்தார். “இதை வச்சுக்க. உனக்கு உயரமா இருக்கும்.”

அக்கா அவரைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளக் கை பாதிவரை வந்தது. பிறகு கீழே இறங்கிவிட்டது.

“வேணாம்.”

“நல்லாருக்கும்மா.”

“கழுத்து வலிக்கும். வேணாங்க.”

மாமா தலையணையோடு நின்றார். எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் கொஞ்சநேரம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சுவரோரம் சாய்த்துத் தானே அதில் உட்கார்ந்துகொண்டார்.

குழுவில் எழுபத்திரண்டு செய்திகள் சேர்ந்திருந்தன. சுண்டெலி அடுப்படிக்கு வந்து கைபேசியை வாயருகே பிடித்தாள்.

“காய்ச்சல் நூறுக்கு எறங்கிருச்சு. யாரும் வைத்தியம் சொல்லாதீங்க, நான் பாத்துக்கிறேன். அம்மா, ஒண்ணு கேளு. அக்கா இன்னிக்கு மாமாகிட்ட வேணாம்னு சொன்னா. ரெண்டு தடவை சொன்னா.”